சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதை ரெஜெக்ஸ் கொண்டு பிரித்தெடுக்கும் முறை

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை எடைக் கணக்கு எனக்குக் கைப்பேசியில் இப்படித்தான் வரும்:

கட்டபெட்டு [42] கிலோ, அரவேணு [37] கிலோ

இதிலிருந்து எண்களை மட்டும், உரையில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் குறிமுறையான ரெஜெக்ஸ் கொண்டு எடுக்க வேண்டும். சதுர அடைப்புக்குறிக்கு ரெஜெக்ஸில் தனிப் பொருள் உண்டு என்பதால், அதை வெறும் எழுத்தாகக் கொள்ளும்படி முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும். ஆனால் \[(.*)\] என்று எழுதினால், புள்ளி வரிக்குள் எந்த எழுத்தையும் குறிப்பது, அதையடுத்த நட்சத்திரக்குறி எவ்வளவு நீளம் முடியுமோ அவ்வளவையும் விழுங்கும் இயல்புடையது ஆதலால், முதல் [ தொடங்கிக் கடைசி ] வரை ஒரே துண்டாகி, "42] கிலோ, அரவேணு [37" என்று விடை வரும். நட்சத்திரத்தை அடுத்து ஒரு கேள்விக்குறி சேர்த்து \[(.*?)\] என்றாக்கினால், அது முதலில் கிடைக்கும் ] குறியிலேயே நின்றுவிடும், 42, 37 என இரண்டும் தனித்தனியே கிடைக்கும். உள்ளே வளைவு அடைப்புக்குறி ஒன்று மட்டும் இருக்கும்போது, பைதான் நிரல்மொழியின் ஃபைண்டால் (re.findall) கட்டளை அதற்குள் பிடிபட்டதை மட்டுமே பட்டியலாகத் தரும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், நானும் நிறுத்தியிருந்தேன். பனிமூட்டமான ஒரு காலையில் அவசரமாகத் தட்டச்சு செய்த வரியில் ஒரு மூடுகுறி விடுபட்டிருந்தது:

கட்டபெட்டு [42 கிலோ, அரவேணு [37] கிலோ

மேற்சொன்ன வடிவம் இதில் "42 கிலோ, அரவேணு [37" என்பதை ஒரே எடையாக எடுத்துக் கொடுத்தது. எங்கே நிற்பது என்பதைவிட, இடையில் எது வரக்கூடாது என்பதைச் சொல்வதே பாதுகாப்பானது என்று அன்று புரிந்துகொண்டேன்:

\[([^\[\]]*)\]

உள்ளே இருக்கும் கூரைக்குறி (^), அடுத்து வரும் இரு குறிகளையும் விலக்குகிறது. ஆகவே முதல் [ பொருந்தாமல் போய், 37 மட்டும் சுத்தமாக வரும். மேற்கோள்குறிகளுக்கு இடையில் இருப்பதை எடுக்க "([^"]*)" என்ற அதே வழி போதும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி எத்தனை அடுக்கானாலும் வரக்கூடிய உரைக்கு மட்டும் இது உதவாது. அங்கே எழுத்தெழுத்தாக எண்ணிச் செல்லும் சிறு நிரலே சரி.

இருப்பினும் கட்டபெட்டின் 42 கிலோ சத்தமின்றி விடுபட்டது. அது ஒரு குடும்பம் நாள் முழுதும் கிள்ளிய இலை. எனவே ஒவ்வொரு வரியிலும் [ எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதைக் கிடைத்த விடைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள், இரண்டும் பொருந்தாத வரியைக் கணக்கில் ஏற்றாமல் தனியே எடுத்து வைத்து, எழுதியவரிடமே கேட்டுத் திருத்துங்கள்.