தலையணையிலிருந்து தொடங்குங்கள்

காலையில் கண் விழித்ததும் தும்மல். என் மனைவி அடுக்களையிலிருந்தே எண்ணிக்கொண்டிருப்பாள். 14-ஐத் தாண்டினால் காபிக்கு முன்னால் வெந்நீர் வரும். நான் பிழைதிருத்துகிறவன், வேலையெல்லாம் வீட்டில்தான். நங்கநல்லூரில் முதல் மாடி, சுவர் நெடுகப் பழைய புத்தகங்கள். என் மூக்கடைப்புக்குக் காரணம் அந்தப் புத்தகங்கள்தான் என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பெழுதி, பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுகிற வரைக்கும் போய்விட்டார்கள்.

நல்ல வேளையாக அதற்கு முன்பே ஒவ்வாமைப் பரிசோதனைக்குப் போனேன். முன்கையில் பேனாவால் குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசி நுனியால் லேசாகக் குத்துகிறார்கள். கால் மணி நேரம் சொறியாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் ஒவ்வாமை என்பது கணக்கு. எனக்குத் தூசிப்பூச்சிக்கு 8, கரப்பான் பூச்சிக்கு 5. காகிதத் தூசிக்கு வைத்த சொட்டு அப்படியே காய்ந்துபோனது. புத்தகங்களுக்கு விடுதலை. தும்மல் மாத்திரையைப் பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மறந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் கை தடிக்காது, காசும் வீண். எது ஆகவில்லை என்று தெரியாமல் வீட்டைப் புரட்டிப் போடுவதைவிட இந்தக் கால் மணி நேரம் மேல்.

மருத்துவர்கள் டஸ்ட் மைட் என்று சொல்லும் இந்தத் தூசிப்பூச்சிக்கு எட்டுக் கால்கள். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சோறு. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் வற்றிச் சாகும். சென்னையில் அதற்கு அந்தக் கவலை ஏது? நமக்கு ஆகாதது முக்கியமாக அதன் எச்சம். அந்தத் துகள் கனமானது. கிளம்பினால் அரைமணிக்குள் படிந்துவிடும். அறையின் மூலையில் நிற்கும் காற்றுச் சுத்திகரிப்பான், நான் மூக்கைப் புதைத்துக்கொண்டு படுத்திருக்கும் தலையணைக்குள் வந்து ஒன்றும் செய்யாது. இது புரிவதற்கு முன்பே அதை வாங்கிவிட்டேன் என்பது என் சொந்தச் சோகம்.

ஆகவே முதல் செலவு படுக்கைக்கு. எங்கள் இலவம்பஞ்சுத் தலையணைகள் கல்யாணச் சீராக வந்தவை, 24 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தில் மாவு சலித்ததுபோல ஒரு மேகம் எழுந்து, கீழே இறங்க மனமில்லாமல் நின்றது. அன்று தும்மலை யாரும் எண்ணவில்லை. தலையணைகளை அன்றைக்கே கழித்துவிட்டேன். மெத்தையை மாற்ற வசதியில்லை என்றால், நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறையால் முழுக்க மூடுங்கள். உறை மட்டும் போட்டுவிட்டு மற்றதைக் கைவிட்டால் பலன் சொற்பம்.

விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு முறை 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீர் காண வேண்டும். எங்கள் சலவை எந்திரத்தில் சூடாக்கும் வசதி கிடையாது. அதனால் மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர். கலந்தால் 70 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும், துணி விழுந்ததும் கொஞ்சம் இறங்கும். எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி, மூடி போட்டு, அரைமணி நேரம் விட்டுவிடுவேன். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். குழந்தைகள் நடமாடும் நேரமும் வேண்டாம். மெத்தையை வெயிலில் போடுவது நல்லதுதான், ஆனால் வெயில் பூச்சியைக் கொல்லுமே தவிர எச்சத்தை அகற்றாது. காய்ந்தபின் தட்டியாக வேண்டும். தட்டுகிறவர் ஒவ்வாமைக்காரராக இருக்கக்கூடாது. வேறு ஆள் இல்லையென்றால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பூந்துடைப்பத்தை, அதிலும் பூ உதிரும் புதுத் துடைப்பத்தை, நான் இருக்கும் அறையில் யாரும் எடுப்பதில்லை. முதலில் ஈரத்துணி, பிறகுதான் மற்றது. மின்விசிறி இறக்கை, பீரோவின் மேல்பக்கம், கொசுவலை அடித்த ஜன்னல் ஆகிய மூன்றும் மாதம் ஒரு முறை. ஏசியின் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டலாம். ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

இனிப் புகை. இங்கேதான் வீட்டுக்குள் அரசியல் தொடங்குகிறது. புகைக்கு ஒவ்வாமைப் பட்டியலில் இடம் கிடையாது, ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூக்கை அது இன்னும் குத்தும். கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. ஒரு சுருள் முழுக்க எரிந்து வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்றது. அதைப் படித்த இரவே எங்கள் கட்டிலுக்குக் கொசுவலை வந்துவிட்டது. அம்மாவின் சாம்பிராணி அவ்வளவு லேசில் மசியவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும், கூடத்தில் மட்டும், ஜன்னல் இரண்டும் திறந்திருக்க, படுக்கையறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்று உடன்பாடு. ஊதுபத்தி தினம் ஒன்று. நான்கு கொத்தாக ஏற்றுவது இல்லை. பீரோவில் அந்துருண்டையும் போடுவதில்லை, அந்த நெடியே எனக்கு ஆகாது.

மிளகாய் தாளிக்கும்போது அடுத்த தெருவும் இருமுகிறது என்றால், புகை போக்கும் விசிறி அடுப்புக்குப் பிறகு ஓடுகிறது என்று அர்த்தம். முதலில் விசிறி, பிறகு தீக்குச்சி. அடுப்பை அணைத்தபின்னும் பத்து நிமிடம் ஓடட்டும். கரப்பானுக்கு மருந்து தெளிப்பதைவிட, மூலைகளில் ஜெல் வைப்பது நல்லது. இரவில் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்து உலர விடுங்கள். பார்சல் வரும் அட்டைப் பெட்டிகளைச் சேர்த்து வைக்காதீர்கள், கரப்பானுக்கு அதுதான் சத்திரம்.

ஐப்பசி மழையில் எங்கள் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூசணம் பூத்தது. சில நூறு ரூபாய் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அங்கே வைத்தேன்: 81. பீரோவை நான்கு விரல் அளவுக்குத் தள்ளி நிறுத்தி, வெளிச்சுவரின் விரிசலைப் பூசியபிறகுதான் அது அடங்கியது. கசிவை நிறுத்தாமல் மேலே பெயின்ட் அடிப்பது புண்ணுக்குப் பவுடர் போடுவதுதான். பூசணத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்கலாம். ஆனால் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை எந்தக் காரணத்துக்காகவும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

அந்தச் சுத்திகரிப்பானை விற்றுவிடவில்லை. புகை போன்ற நுண்துகளுக்கு அது உதவும். போகியன்று விடியற்காலையிலேயே ஜன்னல்களைச் சாத்திவிட்டு அதை ஓட விடுகிறேன். மற்றபடி மார்கழிக் காலையில் தெருப்புகை தரையோடு தங்கி நிற்கும். வெயில் ஏறியபின் ஜன்னலைத் திறப்பது உத்தமம். காற்றைச் சுத்தம் செய்யும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த செடி பால்கனியில் நன்றாக வளர்கிறது. ஜன்னல் திறந்தால் கிடைக்கும் பலனைச் செடிகளிடம் எதிர்பார்த்தால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துத் தொட்டியாவது வைக்க வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். பிறகு நாம் எங்கே படுப்பது?

மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வீடு சுத்தமாகிவிட்டது என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது பெரும்பாலான நாட்களில் மூன்று நான்கு தும்மலோடு முடிகிறது. போன மாதம் மைத்துனர் மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனோம். மண்டபத்தில் கொடுத்த தலையணையில் ஓர் இரவு படுத்தேன். மறுநாள் முகூர்த்தத்தில் நாதஸ்வரத்துக்குப் போட்டியாக நான். அதிலிருந்து பயணப் பையில் வேட்டி துண்டுக்கு முன்னால் ஜிப் உறை ஒன்று போய்விடுகிறது.