அம்மாவின் கூறையில் கத்தரிக்கோல் வைக்கும் முன்

பழைய காலத்து வெட்டுகள் திரும்ப வந்துவிட்டன. கொழும்பு வெள்ளவத்தையில் நான் தைக்கும் அறைக்கு வருகிற பிள்ளைகளில் பலர் இப்போது கைத்தொலைபேசியைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். மார்புக்குக் கீழேயே இடுப்பு வைத்த நீளச் சட்டை, தோளில் உப்பி நிற்கும் கை, ஐம்பதுகளின் வட்டப் பாவாடை, எழுபதுகளின் பெல்பொட்டம். நாடகத்துக்கோ ஃபேன்சி டிரெஸ் போட்டிக்கோ அல்ல. வேலைக்கும் வகுப்புக்கும் பிறந்தநாள் வீட்டுக்கும் போடுவதற்கு. எனக்கு அது மெத்தச் சந்தோஷம். ஆனால் இவற்றைத் தைத்துக் கொடுக்கப் புதிதாகப் புறப்பட்டிருக்கும் பிள்ளைகள், என்னிடம் பழக வருகிறவர்கள் உட்பட, தொடக்கத்தில் நான் விழுந்த அதே குழிகளில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

துணியை நனைத்துக் காயவிடாமல் வெட்டுவது, தையலுக்கு இடம் விடாமல் வெட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எந்தத் தையல் வகுப்பிலும் முதல் வாரமே அவற்றைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

பழைய பேட்டர்னின் இலக்கத்தை நம்புவது

துணிமேல் வைத்து வெட்டும் பழைய கடதாசிப் பேட்டர்ன்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகள் இறக்கி அச்சிட்டு, "நான் கடையில 14 போடுறனான்" என்று 14ஐயே வெட்டிவிடுகிறார்கள். 1940களின் அமெரிக்கப் பேட்டர்னில் 14 என்றால் மார்புச் சுற்று 32 அங்குலம். 1968ஐ ஒட்டி அளவுகளை மாற்றிய பிறகு அதே 14 என்பது 36 அங்குலம். நாலு அங்குல வித்தியாசத்தை எந்தத் தையலைப் பிரித்தும் எடுக்க முடியாது. இலக்கத்தைப் பார்க்காதீர்கள், உறையின் பின்பக்கம் அங்குலத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் இறுக்கமான உள்ளாடை கட்டி இடுப்பை ஒடுக்கிய பிறகே அளவு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மார்பு சரியாக வந்த பேட்டர்னில் இடுப்பு பிடிப்பது அதனால்தான்.

வெளியைப் பார்த்து உள்ளை விடுவது

1947 பெப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் காட்டிய உடுப்புகளைத்தான் இன்று "ஐம்பதுகள் ஸ்டைல்" என்று கேட்கிறார்கள். அதுவே ஒரு திரும்பி வந்த பாணிதான். ஒடுங்கிய இடுப்பும் விரிந்த பாவாடையும் அதற்கு முந்தைய நூற்றாண்டினுடையவை. அந்தப் பாவாடை விரிந்து நின்றது மேல்துணியால் அல்ல. உள்ளே பெர்கேல், டஃபெட்டா என்று நெருக்கமாக நெய்த துணிகளை வைத்துத் தைத்திருந்தார்கள். குட்டைக் கோட்டின் இடுப்புப் பக்கத்துக்குள் மெத்தை வைத்திருந்தார்கள்.

புறக்கோட்டைக் கெய்சர் வீதியில் மெல்லிய விஸ்கோஸ் துணியை வாங்கி வந்து அந்தப் படத்தைக் காட்டினால் துணி காலோடு ஒட்டி விழும். பிறகு "வெட்டுப் பிழை" என்று தைத்தவர்மேல் குறை. வெட்டில் பிழையில்லை, உள்ளே ஒன்றுமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு. படத்தில் இருப்பது அப்படியே வரவேண்டும் என்று பொலியெஸ்டர் டஃபெட்டாவை இரண்டு மடிப்பு லைனிங் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஏப்ரல் மாதத்தில் காலி வீதியில் ஒரு பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் நின்றால் அந்தச் சட்டையை மறுபடி யாரும் தொடமாட்டார்கள். நம்முடைய வெக்கைக்குக் கஞ்சி போட்ட பருத்தி உள்பாவாடை ஒன்றைத் தனியாகத் தைத்துக் கொடுப்பதுதான் சரி. வேண்டுமென்றால் போடலாம், வேண்டாமென்றால் கழற்றிவைக்கலாம், தனியாகத் தோய்க்கலாம். மேல்துணிக்குப் பொப்ளின் எடுங்கள். விரிப்பு குறைவாகத்தான் வரும். ஆனால் ஆள் போட்டுக்கொண்டு போவார்.

கூறையை வெட்டுவது

மற்ற எல்லாப் பிழைகளுக்கும் புதுத் துணி வாங்கி ஈடு செய்யலாம். இதற்கு முடியாது. அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். இன்னும் எனக்குக் கோபம் அடங்காத விஷயமும் இதுதான்.

ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் கையில் கடைப் பை. அதற்குள் அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரப் பட்டு, துண்டு துண்டாக. தாயின் கலியாணக் கூறை. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டிலிருந்து எடுத்த சில சாமான்களில் ஒன்று. மகளின் தோழி ஒருத்தியின் கலியாண வரவேற்புக்கு, மார்புக்குக் கீழே இடுப்பு வைத்த நீளச் சட்டையாக அதை வேறோர் இடத்தில் வெட்டித் தைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் இருந்து எழும்பும்போது மார்புக்குக் கீழுள்ள பட்டியோடு சுருக்கு முழுக்கக் கிழிந்திருக்கிறது. அக்குள் பக்கமும் பிளந்திருக்கிறது.

"அக்கா, எப்பிடியாவது பொருத்தித் தாங்கோ. அம்மா ஓம் எண்டு சொன்ன பிறகுதான் குடுத்தனான்" என்றாள் மகள்.

தாய் ஒன்றும் பேசவில்லை. ஒரு துண்டை எடுத்து மடியில் வைத்து, கரையில் இருந்த அன்னத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

துண்டுகளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மார்புக்கு வெட்டிய துண்டின் நடுவே குறுக்காக ஒரு வெளிறிய கோடு. அலுமாரியில் இருபது, முப்பது வருடம் ஒரே மடிப்பில் கிடந்த இடம். அந்தக் கோட்டில் பட்டு நூல் ஒவ்வொன்றாக அறுந்து, ஊசிமுனை அளவு ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. வெட்டுவதற்கு முன் யாராவது ஒரு நிமிடம் இப்படிப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும்.

ஏன் கிழிந்தது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். மார்புக்குக் கீழே இடுப்பு வைத்த அந்த வெட்டு 1790களிலிருந்து 1820 வரைக்கும் ஐரோப்பாவில் ஓடியது. அதற்குப் பேர்போன துணி வங்காளத்து மஸ்லின். கையில் எடுத்தால் பாரமே தெரியாத துணி. மார்புப் பட்டி தூக்க வேண்டிய சுமை என்று ஒன்று கிடையாது. அதனால்தான் அந்த இடத்தில் வெறும் சுருக்கு வைத்துத் தைக்க முடிந்தது. காஞ்சிபுரக் கூறை அரைக் கிலோவுக்கு மேல் வரும். கரையிலும் தலைப்பிலும் இருக்கும் சரிகை, அசல் சரிகையென்றால், பட்டு நூலில் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. அவ்வளவு பாரத்தையும் நொந்துபோன பட்டின் ஒரே வரிசைத் தையலில் தொங்கவிட்டால் அது எத்தனை மணித்தியாலம் தாங்கும்?

அதற்கு மேல், மெஷினில் மிக நெருக்கமான தையல் போட்டிருந்தார்கள். பலமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். பழைய பட்டில் நெருக்கமான தையல் என்பது தபால் முத்திரையின் ஓரத்தில் ஓட்டை போடுவது போல. கிழிக்கிற இடத்தை நாமே குறித்துக் கொடுப்பது. பட்டில் விழுந்த மெஷின் ஊசி ஓட்டை மூடாது. ஒருமுறை தைத்துப் பிரித்தால் அந்த வரிசை அப்படியே நிற்கும். ஆகவே பழைய பட்டில் "தைச்சுப் பாப்பம், சரிவராட்டிப் பிரிப்பம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கூறையைக் கொண்டு ஒருவர் வந்தால் முதலில் அளவு நாடாவை எடுக்காதீர்கள். சாறியை முழுநீளத்துக்கு விரித்து யன்னலுக்கு எதிரே பிடியுங்கள். ஒவ்வொரு மடிப்புக் கோட்டையும் பாருங்கள். பிறகு மடிப்பின் இருபுறமும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள், நெடுக்கிலும் குறுக்கிலும். நல்ல பட்டு விறைப்பாக நின்று கொடுக்கும். நொந்த பட்டில் நூல் விலகும், சில நேரம் மெல்லிய சத்தமும் கேட்கும். ஓரிடத்தில் அப்படி நடந்தாலே கத்தரிக்கோலைத் திரும்ப லாச்சிக்குள் வையுங்கள். சரிகை கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றிலும், வியர்வையிலும், சென்ட் பட்ட இடத்திலும் வெள்ளி கறுக்கும். பூச்சிமுட்டையை, அதாவது நப்தலீன் உருண்டையை, சரிகையில் முட்டும்படி வைப்பதும் கூடாது.

பட்டு பலமாக இருந்தாலும் வெட்ட வேண்டியதில்லை. இதை நான் எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறேன், புதிதாகத் தைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். சாறியின் அகலம் 45 முதல் 48 அங்குலம். நடுத்தர உயரமுள்ள பெண்ணுக்கு மார்புக்குக் கீழிருந்து கணுக்கால்வரை ஏறக்குறைய அதே நீளம்தான். கீழ்க்கரை காலடியில், மேற்கரை மார்புக்குக் கீழ். அந்த வெட்டுக்கு வேண்டிய பாவாடை சாறிக்குள்ளேயே முழுதாக இருக்கிறது.

ஐந்தரை மீற்றரில் தலைப்பு ஒரு மீற்றரை விட்டுவிடுங்கள், அதைத் தோளில் எடுத்துவிடலாம். மிச்சம் நாலரை மீற்றரை ஒன்றின்மேல் ஒன்று ஏறிய ஆழமான மடிப்புகளாக எடுங்கள். முன்பக்கம் தட்டையாக இருக்கட்டும், மடிப்புகளைப் பின்பக்கம் சேருங்கள். 1800களின் தொடக்கத்துச் சட்டைகளிலும் சுருக்கு முழுவதையும் முதுகுப் பக்கமே வைத்தார்கள். ஆகவே பாணியும் கெடாது. அந்த மடிப்புகளை அகலமான பருத்தி நாடாவில் மெல்லிய ஊசியால், கையால், நீள நூலோட்டமாகத் தையுங்கள். நாடாவை உள்ளே ஒரு பருத்திச் சட்டையோடு பொருத்துங்கள். அப்போது பாரம் முழுவதையும் பருத்தி தூக்கும், பட்டு வெறுமனே தொங்கும். மேல்சட்டைக்குப் புதுப் பட்டு எடுங்கள். நிறம் அச்சாகப் பொருந்தாவிட்டால் வேறு நிறமே எடுங்கள். விருந்து முடிந்ததும் நூலோட்டத்தைப் பிரித்தால் கூறை திரும்பக் கூறையாகிவிடும்.

ஏற்கெனவே வெட்டிவிட்ட பட்டென்றால், ஒவ்வொரு துண்டுக்கும் அதே அளவில் பருத்தி வொயில் வெட்டிப் பின்னால் சேர்த்து, இரண்டையும் ஒரு துணியாகக் கருதித் தையுங்கள். மெஷினில் 9ஆம் அல்லது 11ஆம் இலக்க ஊசி, தையல் நீளம் மூன்று மில்லிமீற்றர். மடிப்புக் கோடு மார்பிலும் அக்குளிலும் விழாதபடி துண்டை நகர்த்துங்கள்.

அந்தத் தாயின் கூறையைப் பொருத்த முடியவில்லை. தலைப்பில் ஒரு முழம் நல்ல துண்டு இருந்தது. அதை வொயிலில் ஏற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வெட்டித் தைத்த இடத்தில் முழுக் கூலியையும் வாங்கியிருந்தார்கள்.

"அம்மா ஓம் எண்டவ" என்பது அனுமதியாகாது. பிள்ளை கேட்டால் தாய் ஓம் என்றுதான் சொல்வார். தைக்கிறவர்தான் இல்லை என்று சொல்ல வேண்டும்.

உப்பிய கையை எல்லாக் காலத்துக்கும் ஒன்றென்று நினைப்பது

மேலே உப்பிக் கீழே ஒடுங்கும் ஆட்டுத்தொடைக் கை இரண்டு முறை வந்தது. 1830களில் தோள் தையல் கீழே இறங்கி, உப்பல் மேற்கையில் இருந்தது. 1890களில் தோள்முனையிலேயே எழும்பி நின்றது. இரண்டையும் கலந்து, இறங்கிய தோளில் எழும்பிய கையை வைத்தால் கையைத் தூக்க முடியாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது முக்கியம். இரண்டிலும் உப்பலுக்குத் தாங்கல் இருந்தது: முதலாவதில் இறகு அடைத்த சிறு மெத்தை, இரண்டாவதில் விறைப்பான உள்துணி. நமக்கு ஓர்கன்சா என்ற மெல்லிய, விறைப்பான துணியில் இரண்டு அங்குலத் துண்டொன்றைச் சுருக்கித் தோள்தையலுக்குள் வைத்தால் போதும்.

எண்பதுகளின் தோள் மெத்தை

கழற்றித் தோய்க்கக்கூடியதாக வையுங்கள்.

பெல்பொட்டம்

போடப்போகும் செருப்போடு நின்று அளவு தராதவருக்குக் கால் ஓரம் மடிக்காதீர்கள்.

நாலு காலத்தை ஒரே உடம்பில் ஏற்றுவது

வேண்டாம்.

வட்டப் பாவாடைக்கு இரண்டு யார் துணி

கடைக்காரர் கேட்டதற்கு "பாவாடைக்கு" என்று மட்டும் சொல்லி இரண்டு யார் வெட்டி வாங்கி வருவார்கள். இடுப்பு 28 அங்குலம் என்று வையுங்கள். 28ஐ 6.28ஆல் பிரித்தால் நடுவட்டத்தின் ஆரை ஏறக்குறைய நாலரை. பாவாடை நீளம் 27, மடிப்புக்கு அரை அங்குலம். மொத்த ஆரை 32. 45 அங்குலத் துணியில் முழுவட்டம் அடங்காது; இரண்டு அரைவட்டமாக வெட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 64 அங்குல நீளம், இரண்டுக்கும் 128. தையலுக்கு இடம் விட்டால் மூன்றேமுக்கால் யார். இந்தக் கணக்கை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துத்தான் நான் ஆட்களைப் புறக்கோட்டைக்கு அனுப்புகிறேன்.

வெட்டிப் பட்டி பொருத்தியதும் ஓரத்தை மடித்துவிடாதீர்கள். வட்டத்தில் நூல் சாய்வாக ஓடும் இடங்கள் பாரத்தில் இழுபட்டு இறங்கும். பொப்ளினில் கொஞ்சம், கிரேப்பிலும் ஜோர்ஜெட்டிலும் நிறைய. இரண்டு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, பிறகு ஆளுக்குப் போட்டு, நிலத்திலிருந்து அடிமட்டத்தால் அளந்து சோக்கட்டியால் சுற்றிக் குறித்து வெட்டுங்கள். நாளைக்கே வேண்டும் என்று நிற்கிறவருக்கு வட்டப் பாவாடையை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு துண்டுப் பாவாடை வெட்டிக் கொடுங்கள். அது இறங்குவது குறைவு, துணியும் குறைவாகத்தான் பிடிக்கும்.