ஸ்டூலில் உட்கார்ந்து செய்யும் சமநிலைப் பயிற்சி: பிடிக்க வேண்டியது இடுப்பை

என் மகளுக்கு ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா. மூளை முடக்குவாதத்தில், கைகளைவிடக் கால்களில் இறுக்கம் அதிகமாக இருக்கும் வகை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த இந்தப் பயிற்சியைப் பல மாதம் தவறாகவே செய்துகொண்டிருந்தேன். உங்கள் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று பிசியோவிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. முதுகுசாய்வு இல்லாத மர ஸ்டூல் போதும். முழங்கால் 90 டிகிரி மடங்க வேண்டும், இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். கால் எட்டவில்லையா, அடியில் பலகை வையுங்கள். ஸ்டூலுக்குப் பதிலாகப் பெரிய பந்தில் உட்கார வைப்பது ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். அது உருளும்போது என் மகளுக்குப் பயத்தில் கால் இன்னும் விறைத்தது.

2. சுற்றிலும் பாய் விரித்து, பிள்ளைக்குப் பின்னால் உட்காருங்கள். நான் தடுமாறிய இடம் இதுதான். விழுந்துவிடுவாளே என்று அக்குளில் பிடித்துக்கொள்வேன். அவளும் என் கையில் தொங்கியபடி இருப்பாள். வயிற்றுக்கும் முதுகுக்கும் வேலையே இல்லை. இடுப்பெலும்பின் இருபுறமும் பிடித்த பிறகுதான் உடம்பைத் தானே நிமிர்த்தத் தொடங்கினாள். முதல் சில நாள் பயங்கரமாக ஆடினாள். அந்த ஆட்டத்தைச் சமாளிப்பதுதான் பயிற்சியே. கையை இறுக்காமல், விழப்போனால் மட்டும் தாங்குங்கள்.

3. முன்னால் இன்னொருவர் வளையலை நீட்டட்டும், கைக்கு எட்டுவதைவிடக் கொஞ்சம் தள்ளி. பிள்ளை சாய்ந்து எடுத்து, மறுபக்கம் இருக்கும் கட்டையில் மாட்ட வேண்டும். எடை ஒரு பக்க இடுப்புக்குப் போய்த் திரும்புவதை உங்கள் கையிலேயே உணரலாம். வளையலை இடப்பக்கம், வலப்பக்கம், அப்புறம் பாதத்துக்குப் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி நீட்டட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

எங்களுக்கு ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் சரியாக இருந்தது. அழுதால் இறுக்கம் கூடும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். மற்ற நேரத்தில் கால்களை இருபுறமும் மடக்கி 'டபிள்யூ' மாதிரி உட்கார்ந்தால் மாற்றி உட்கார வையுங்கள். அப்படி அகலமாக உட்கார்ந்தால் உடம்பு சமாளிக்க வேண்டிய தேவையே இருக்காது.

பின்சேர்க்கை: பிள்ளை பின்னாலேயே சரிகிறது என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். பின்தொடைத் தசை இறுகியிருந்தால் இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும். ஸ்டூலின் பின்பாதியில் மடித்த துண்டு வைத்துப் பாருங்கள், இடுப்பு லேசாக முன்னே சாயும். குதிகால் தூக்கிக்கொண்டால் ஸ்பிளிண்ட் (பாதத்தையும் கணுக்காலையும் நேராகப் பிடித்து வைக்கும் தாங்கி) போட்டுச் செய்யலாமா என்று பிசியோவிடம் கேளுங்கள். தொடையை விரிக்கும்போது வலித்து அழுதால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகக்கூடும், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.