மின்னோட்டம் ஏறியது சரி, அது யாருடைய மின்னோட்டம்? நொதி மின்முனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தாள். குளுக்கோஸின் அளவை மின்னோட்டமாகக் காட்டும் சென்சார் ஒன்றுக்காக, கார்பன் நானோகுழாய் பூசிய மின்முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியை ஏற்றி, இரண்டு வாரம் பாடுபட்டு, அளவீட்டுக் கோடு நேராக வந்ததும் சந்தோஷத்தில் கீழே காப்பிக்கடைக்குப் போய் ஒரு தே தாரிக் வாங்கி வந்தாள். சில துளிகளை பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசலில்) விட்டாள். திரையில் கோடு அசையவே இல்லை. "அக்கா, எலக்ட்ரோடு செத்துப் போச்சு" என்று முகம் வாடி நின்றாள்.

மின்முனைக்கு ஒன்றும் ஆகவில்லை. தே தாரிக்கின் இனிப்பு கெட்டிப்பாலில் இருந்து வருகிறது, அதாவது சுக்ரோஸும் லாக்டோஸும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் இந்த இரண்டையும் சீண்டாது. சுக்ரோஸை முதலில் இன்வர்டேஸ் போட்டு உடைத்தால்தான் குளுக்கோஸ் வெளியே வரும். சர்க்கரை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது இந்தத் துறையில் முதல் தவறு.

குளுக்கோஸ் கரைசலிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. புட்டியில் வரும் குளுக்கோஸ் பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம், நொதிக்குப் பிடித்ததோ பீட்டா வடிவம். தண்ணீரில் கரைத்த பிறகு மெல்ல மெல்ல மாறி, கடைசியில் ஆல்ஃபா 36 சதவீதம், பீட்டா 64 சதவீதம் என்று நிலைகொள்ளும். காலையில் கரைத்து உடனே அளந்தால் ஒரு எண், மத்தியானம் அளந்தால் இன்னொரு எண். அதனால் முதல் நாள் மாலையே கரைத்து வைத்துவிடுங்கள். ஆனால் அதையே வாரக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள், நம் சிங்கப்பூர் வெக்கையில் பூஞ்சை பிடித்துவிடும்.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னை உண்மையில் கவலைப்பட வைக்கும் தவறு வேறு. நானோப்பொருள் போட்டவுடன் மின்னோட்டம் பெரிதாகும், அந்தப் பெருமை முழுவதையும் நொதிக்குக் கொடுத்துவிடுகிறோம். குளுக்கோஸ் ஆக்சிடேஸில் எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் எஃப்ஏடி என்ற பகுதி புரதத்துக்குள் ஒரு நானோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அங்கிருந்து எலக்ட்ரான் தானாகத் தாவி நானோகுழாய்க்கு வந்துவிட்டது என்று எத்தனையோ கட்டுரைகள் சொல்லின. சான்றாக அவை காட்டியது, வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்முனையை ஒப்பிட்டு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி வரையும் மின்னோட்டக் கோட்டில் ஏறத்தாழ மைனஸ் 0.45 வோல்ட்டில் தெரியும் ஒரு ஜோடி முகடுகள். சரி, முகடு இருக்கிறது. ஆனால் நொதியிலிருந்து கழன்று நானோகுழாயில் ஒட்டிக்கொண்ட எஃப்ஏடியும் அதே இடத்தில்தான் முகடு காட்டும். 2018-இல் மின்வேதியியலாளர் ஃபிலிப் பார்ட்லெட்டும் அவருடைய சக ஆய்வாளரும் இந்தக் கட்டுரைகளையெல்லாம் அலசி, இயற்கையான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நானோகுழாய்க்கோ கிராஃபீனுக்கோ நேரடியாக எலக்ட்ரான் தருகிறது என்பதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள்.

இதைச் சோதிக்க பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கரைசலில் நைட்ரஜனை ஓடவிட்டு ஆக்சிஜனை விரட்டுங்கள், அப்புறம் குளுக்கோஸ் சேருங்கள். நேரடிப் பரிமாற்றம் உண்மையென்றால் ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் எழும்ப வேண்டும். காற்று இருக்கும்போது மட்டும் ஏதோ மாறுகிறது, அதுவும் ஒடுக்க மின்னோட்டம் (மின்முனையில் ஆக்சிஜன் எலக்ட்ரான் வாங்கும்போது வருவது) குறைகிறது என்றால், நொதி பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று ஹைட்ரஜன் பெராக்சைடாக ஆக்குகிறது, அவ்வளவுதான். அதை வைத்தும் சென்சார் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு நேரடி எலக்ட்ரான் பரிமாற்றம் என்று பெயர் வைக்கக் கூடாது.

நொதியே இல்லாத மின்முனையையும் கட்டாயம் அளந்து பாருங்கள். நானோகுழாய் வளர்க்கப் பயன்படும் இரும்பு, நிக்கல், கோபால்ட் எல்லாம் அமிலத்தில் கழுவிய பிறகும் கொஞ்சம் தங்கிவிடும், அந்தத் துணுக்குகளே ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மின்னோட்டம் காட்டும். இங்கே நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இருந்த மார்ட்டின் புமேரா இந்த மாசுகளைப் பற்றி நிறைய ஆய்வு செய்தவர். பிறகு 2020-இல் அவர் குழு பறவை எச்சத்தைக் கிராஃபீனில் சேர்த்து, அதனாலும் வினையூக்கம் கூடுகிறது என்றே காட்டியது. எதைச் சேர்த்தாலும் எண் ஏறுகிற பொருளில் எண் ஏறியதை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்?

கைவேலையில் வரும் தவறுகளும் உண்டு. கட்டியாக ஒட்டிக்கிடக்கும் நானோகுழாயைப் பிரிக்க சோனிக்கேட்டரில் (மீயொலியால் அதிரவைக்கும் கருவி) வைப்பார்கள், அதே குப்பியில் நொதியையும் ஊற்றி வைத்துவிடுவார்கள். அந்த அதிர்வில் புரதம் குலைந்து போகும். குழாயை முதலில் பிரித்து, ஆறவிட்டு, பிறகு நொதியைச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள், நுரை வரக் கூடாது. நொதியைப் பிணைக்கும் இடிசி என்ற பொடிக்கு ஈரம் ஆகவே ஆகாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்தால், சிங்கப்பூர்க் காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் குளிர்ந்த பொடிமேல் இறங்கிவிடும். புட்டியை மேசைமேல் அரை மணி நேரம் வைத்து, வெளிப்பக்க வியர்வை காய்ந்த பிறகு திறங்கள். பிணைக்கும்போது டிரிஸ் பஃபர் வேண்டாம். இடிசி பிணைக்கும் அமீன் என்ற நைட்ரஜன் பகுதி அதிலேயே இருப்பதால் இடிசி நொதியை விட்டுவிட்டு டிரிஸோடு கைகோத்துக்கொள்ளும்.

உணரியைப் பிளஸ் 0.6 வோல்ட்டில் வைத்து பெராக்சைடை அளப்பவர்கள், குளுக்கோஸ் மட்டும் கலந்த சுத்தமான பஃபரோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த மின்னழுத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் எல்லாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து குளுக்கோஸ் போலவே நடிக்கும். பெராக்சைடை எளிதில் ஒடுக்கும் பிரஷியன் நீலம் என்ற இரும்பு நிறமியைப் பூசினால் பூஜ்யம் வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே அளக்கலாம். ஆனால் அது காரத்தன்மையில் கரைந்துபோகும், பிஎச் மீது ஒரு கண் இருக்கட்டும்.

இதே நொதி மின்முனையால் குளுக்கோஸிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்கு வந்தால் கணக்கிலேயே கோளாறு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுவதுமாக ஆக்சிஜனேற்றினால் வரும் 24 எலக்ட்ரானும் கிடைக்கும் என்று எடுத்து ஆற்றலைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். ஒற்றை நொதி எடுத்துத் தருவது வெறும் 2. அடுத்தது திறன். நானோகுழாயின் பரப்பு பிரம்மாண்டமானது, மின்னூட்டத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். மின்னழுத்தத்தை வேகமாக ஓட்டி அளந்தால் அந்தத் தேக்கம் கொட்டுவதும் சேர்ந்துகொள்ளும், பார்க்க அருமையான எண் வரும். ஒரு நிலையான மின்தடையை மாட்டிவிட்டு பல மணி நேரம் விட்டுப் பாருங்கள், அப்போது நிற்கும் எண்தான் உங்களுடையது.

ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் தரும் எதிர்முனையில் லாக்கேஸ் என்ற நொதியைப் போட்டு, கலம் இரத்தத்தில் ஓடும் என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது. பல லாக்கேஸ்களை அது முடக்கிவிடும், தவிர லாக்கேஸ் பொதுவாக அமிலத்தன்மையில்தான் நன்றாக வேலை செய்யும். இரத்தத்துக்குப் பிலிருபின் ஆக்சிடேஸ் என்ற நொதிதான் பொருத்தம். எதிர்முனைக்கு வேண்டிய ஆக்சிஜனோ, காற்று கரைந்த தண்ணீரில் சுமார் 0.25 மில்லிமோலார்தான், இரத்தச் சர்க்கரை 5 மில்லிமோலார் சுமாரில் இருக்கும்போது. இருக்கிற அந்தக் கொஞ்சத்தையும் இந்தப் பக்கத்துக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பறித்து, எதிர்முனை நொதியைக் கெடுக்கும் பெராக்சைடாக மாற்றும். அதனால் ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாத எஃப்ஏடி சார்ந்த குளுக்கோஸ் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி நல்ல தேர்வு.

ஒன்று விட்டுப்போச்சு. நொதி மின்முனையில் நின்றதா, கழன்று கரைசலுக்குப் போனதா என்று பார்க்க மின்முனையை ஓர் இரவு பஃபரில் ஊறவிட்டு எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பஃபரில் குளுக்கோஸ் சேர்த்து, சிறிது நேரம் கழித்து ஒரு பெராக்சைடு சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள். அந்த மாணவி தன் மின்முனைக்கு இதைச் செய்தபோது தாள் நீலமாகிவிட்டது. நேராக வந்த அந்தக் கோட்டில் எவ்வளவு மின்முனையில் இருந்த நொதி, எவ்வளவு கரைசலில் மிதந்த நொதி என்று பிரிக்க அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.