மொரிஸ் மைனர் வயரிங்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான மொரிஸ் மைனர் காரின் மின் அமைப்பு மிகவும் எளிமையானது. 12 வோல்ட் பேட்டரி, இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் டைனமோ, அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் பாக்ஸ், இரண்டே ஃபியூஸ்கள் ஆகியவற்றைச் சுற்றியே எல்லாம் அமைந்திருக்கும். இதில் பழுது பார்ப்பவர்கள் நாள்கணக்கில் திணறுகிறார்கள் என்றால், அளந்து பார்ப்பதற்கு முன்பே பாகங்களை மாற்றத் தொடங்கிவிடுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். இலங்கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மைனர்களைப் போலப் பல கைகள் மாறிய கார்களில், முந்தைய உரிமையாளர்கள் சேர்த்த வயர்களும் கலந்திருப்பதால், பொறுமையாக அளப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

முதல் பெரிய தவறு எர்த்தை, அதாவது பாடியோடு சேரும் மின் இணைப்பை, சோதிக்காமல் விடுவது. இந்தக் காரில் மின்சாரம் திரும்பி வரும் பாதை பாடியின் இரும்புதான். துருவும் புதிதாக அடித்த பெயின்ட்டும் அந்தப் பாதையை அடைத்துவிடும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் வேறொரு விளக்கும் சேர்ந்து மினுக்குவது போன்ற விநோதங்கள் பெரும்பாலும் இதனால்தான் வருகின்றன. திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகப் போகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், அவற்றைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டை இல்லாமல் போனாலோ அரித்துப் போனாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் சோக் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகளின் வழியே பாயும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ, ஸ்டார்ட்டரைக் கழற்றாமல் முதலில் இந்தப் பட்டையைப் பாருங்கள்.

சுமை இல்லாத நிலையில் வோல்ட்டை அளந்து திருப்தி அடைவது அடுத்த தவறு. மல்டிமீட்டர் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே எடுத்துக்கொள்வதால், ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். பல்பை இணைத்தவுடன் அந்த வோல்ட் காணாமல் போய்விடும். ஓம் அளவில் சோதிப்பதும் ஸ்டார்ட்டர் பாதையில் பயன்படாது. வெறும் 0.01 ஓம் தடையில் 100 ஆம்பியர் பாய்ந்தால் 1 வோல்ட் வீணாகிறது. சாதாரண மீட்டரோ அந்தத் தடையைப் பூஜ்யம் என்றே சொல்லும். மீட்டரின் ஒரு முனையை எர்த் செய்யப்பட்ட பேட்டரி முனையின் ஈயத்திலும் (கிளாம்ப்பில் அன்று), மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த் பாதையில் இருக்கிறது. இதே முறையில் எந்த விளக்கையும், அது எரிந்துகொண்டிருக்கும்போதே, சோதிக்கலாம்.

ஃபியூஸ் விஷயத்தில் நடக்கும் தவறு ஆபத்தானது. லூக்காஸ் நிறுவனத்தின் பழைய கண்ணாடி ஃபியூஸில் அச்சிட்டிருக்கும் 35 ஆம்பியர் என்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கக்கூடியது அதில் பாதிதான். இக்காலத்து ஃபியூஸ்களில் அச்சிடப்படுவதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணை மட்டும் பார்த்து இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் பொருத்தினால், ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே வயர் எரியலாம். ஹெட்லைட் வயர்களுக்கு அந்தக் காலத்தில் ஃபியூஸே வைக்கப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஃபியூஸைச் சேர்ப்பவர்கள் இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரே ஃபியூஸாக இருந்தால் அது போகும் நொடியில் இரவுச் சாலை முழுவதும் இருண்டுவிடும்.

மைனர்கள் பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டு, வந்தவை. பின்னாளில் பலர் அவற்றை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினர். எது என்று உறுதிசெய்யாமல் பேட்டரியை இணைப்பது ரேடியோ போன்ற மின்னணுச் சாதனங்களைக் கெடுத்துவிடும். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் பக்கத்தையே முதலில் எடுக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் காரில் அது பாசிட்டிவ் முனை. பழக்கத்தில் நெகட்டிவை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் பாடியில் பட்டாலே ஷார்ட் ஆகிவிடும். எர்த்தை மாற்றியவர்கள் இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் காந்தத் துருவத்தையும் புதிதாக அமைத்தார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நிறங்களை அசட்டை செய்யக் கூடாது. பழுப்பு வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், வெள்ளை இக்னிஷன் போட்டால் உயிர்பெறும், பச்சை அதே மின்சாரத்தை ஃபியூஸ் வழியாகக் கொண்டு செல்லும், கறுப்பு எர்த், நீலம் ஹெட்லைட், சிவப்பு பக்க, பின் விளக்குகள். துணி உறை மங்கியிருந்தால், வயர்க் கட்டின் மேல் சுற்றிய டேப்பைச் சற்றே பிரித்தால் வெளிச்சம் படாத உட்பகுதியில் பழைய நிறம் தெரியும். புதிய வயர் போடும்போதும் அதே நிறத்தைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் சிவப்பு வயரை இழுத்துவிடுவது அடுத்துப் பழுது பார்ப்பவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்புகளைப் போடுவதும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். பிற்கால மைனரின் டைனமோ அதிகபட்சமாகத் தருவதே சுமார் 22 ஆம்பியர். சுவிட்சுக்குப் பதிலாக அதிக மின்சாரத்தைத் தாங்கும் ரிலே வைத்தால் சுவிட்ச் தப்பிக்கும், டைனமோவின் சுமை குறையாது. பெரும்பாலும், பழைய பல்புக்கே முழு வோல்ட் போய்ச் சேரும்படி வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்களைச் சுத்தம் செய்தாலே வெளிச்சம் கூடிவிடும்.

இன்ஜின் ஓடும்போதும் டேஷ்போர்டின் சார்ஜ் விளக்கு அணையாவிட்டால் உடனே டைனமோவைக் குறை சொல்லாமல் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பிறகு டைனமோவின் டி (D), எஃப் (F) முனைகளிலிருந்து வயர்களைக் கழற்றி, டைனமோவில் உள்ள அந்த இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து, அங்கிருந்து எர்த்துக்கு வோல்ட்டை அளந்தபடி இன்ஜின் வேகத்தை மெல்ல உயர்த்துங்கள். வோல்ட் தடையின்றி ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. குறை வயரிலோ கன்ட்ரோல் பாக்ஸிலோ இருக்கும். கட்டுப்பாடு இல்லாத நிலை என்பதால் 20 வோல்ட்டைத் தாண்ட விடக் கூடாது. நிறுத்திவைத்த காரில் ஒரே இரவில் பேட்டரி இறங்கினால், கன்ட்ரோல் பாக்ஸில் டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு பேட்டரி டைனமோ வழியாகக் காலியாகியிருக்கலாம். இன்ஜின் நின்றபின் மூடியைத் திறந்து அவை விலகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.