மாபெரும் தங்கா பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பூட்டானில் பாரோ செச்சு திருவிழாவுக்குப் போகும் பலரும் கடைசி நாளன்று ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். போய்ப் பார்த்தால் வெறும் சுவர்தான் மிச்சம். தங்கா என்பது சுருட்டி வைக்கக்கூடிய பௌத்தத் துணிப்படம். பௌத்த ஆசான் குரு பத்மசம்பவரின் மாபெரும் தங்காவை அங்கே விடியுமுன் இருட்டிலேயே ஏற்றி, வெயில் படுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதிகாலை 3 மணிக்கே எழ வேண்டும். கம்பளியை மறக்க வேண்டாம், குளிர் பற்களைக் கிட்ட வைத்துவிடும்.

அதற்காக எல்லா இடத்திலும் இதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள். லாசா அருகே திரேபுங் மடாலயத்தில் ஷோட்டன் விழாவின்போது மலைச்சரிவில் விரிக்கும் தங்காவுக்குக் காலை வெயில் படுவதுதான் விசேஷம். லடாக்கின் ஹெமிஸ் கதையே வேறு. விழா வருடாவருடம் உண்டு. ஆனால் பெயர்பெற்ற அந்தப் பெரிய தங்கா வெளியே வருவது 12 ஆண்டுக்கு ஒருமுறை, திபெத்திய நாட்காட்டியின் 12 விலங்கு ஆண்டுகளில் ஒன்றான குரங்கு ஆண்டில்தான். 2016-இல் வந்தது, இனி 2028. நாட்களும் திபெத்திய நாட்காட்டிப்படி மாறும் என்பதால், டிக்கெட் போடுமுன் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ‘ஓவியம்’ என்று நினைப்பது. சிறிய தங்கா வரைந்ததுதான்: பருத்தித் துணியில் சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் கனிம வண்ணம் தீட்டுவார்கள். பல மாடி உயரத்துக்கு அப்படி வரைந்து ஆண்டுதோறும் சுருட்டி விரித்தால் பூச்சு வெடித்து உதிர்ந்துவிடும். அதனால் பெரியவை பெரும்பாலும் பட்டுத்துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தவை; நம் தேர்த் தொம்பைகளின் வேலைப்பாடு மாதிரி. கிட்டே போனால் கண், உதடு, ஆடை மடிப்பு எல்லாவற்றின் ஓரத்திலும் மெல்லிய கயிறு ஓடுவது தெரியும். குதிரைமுடியின் மேல் பட்டுநூலைச் சுற்றிச் செய்த கயிறு அது. தூரத்திலிருந்து ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

ஆனால் கிட்டே போவதிலும் முறை உண்டு. பாரோவில் பக்தர்கள் வரிசையில் வந்து தங்காவின் கீழ் ஓரத்தில் நெற்றியை வைத்து வணங்குவார்கள். அந்த வரிசைக்குள் கேமராவோடு நுழைவது, முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது, ஃபிளாஷ் அடிப்பது எல்லாம் அநாகரிகம். தொப்பியைக் கழற்றிவிட்டு நீங்களும் வரிசையில் நில்லுங்கள்.

தங்காவைப் பெரிதாக அச்சடித்து விழா மேடையில் மாட்ட நினைப்பவர்களுக்கும் ஒன்று: சுவர் அகலமாக இருக்கிறதே என்று படத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். புத்தர் உருவத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் கட்டம் போட்டு வகுத்த அளவு உண்டு. மீதி இடத்தை வெறுமையாக விடலாம், தவறில்லை.