மொட்டை மாடியில் மேகம் பார்க்கப் பழகுவோம்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மேகங்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு மாடிக்குப் போனால் முதல் நாளே குழப்பம்தான். புத்தகப் படத்தில் இருக்கிற மாதிரி வானத்தில் எதுவும் இருக்காது. ஒரே மேகம் பாதி திரண்டும் பாதி பரவியும் கிடக்கும். பெயரைத் தேடி முடிப்பதற்குள் அது வேறொன்றாக ஆகியிருக்கும். அதனால் இங்கே பெயரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் உருவம், அடுத்து விரலால் ஓர் அளவு, அப்புறம் அது நகரும் திசை. இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் பார்ப்பது சென்னைப் புறநகரின் வானம். எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான். உங்கள் ஊர் மதுரை, தென்காசி என்றால் திசையும் நேரமும் மாறும். முறை அதேதான்.

முதல் படி: ஒரே இடம், ஒரே நேரம்

கிழக்கும் மேற்கும் மறைவில்லாமல் தெரியும் மொட்டை மாடி இருந்தால் நல்லது. காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம், மாலை நாலரைக்குப் பத்து நிமிடம் போதும். இடத்தை மாற்றாதீர்கள். எதிர்வீட்டுத் தென்னை, தூரத்துக் கைபேசிக் கோபுரம் என்று நிலையான இரண்டு அடையாளங்கள் இருந்தால்தான் மேகம் நகர்வதும் வளர்வதும் கண்ணுக்குத் தெரியும்.

சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பைனாகுலர் வழியாகப் பார்ப்பது இன்னும் ஆபத்து. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று, சூரியன் தொட்டிக்குப் பின்னால் இருக்கும்படி பாருங்கள். சாதாரணக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டால் வெள்ளை மேகங்களுக்குள் இருக்கும் மெல்லிய வரிகள் துலக்கமாகத் தெரியும்.

மாடி ஏறியதும் முதல் வேலை, வானத்தில் எவ்வளவு மூடியிருக்கிறது என்று குறிப்பது. வானிலை நிலையங்களில் வானத்தை எட்டுப் பங்காக வைத்துத்தான் கணக்குச் சொல்வார்கள். பாதி வானம் மூடியிருந்தால் 4, முழுக்க மூடியிருந்தால் 8. இந்தப் பங்குக்கு ஆக்டா என்று பெயர். ஒரு வாரம் குறித்தால் கை பழகிவிடும்.

இரண்டாம் படி: உருவம் மூன்றே மூன்று

லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்துகொண்டிருந்த லூக் ஹோவர்ட் என்பவர் 1802ஆம் ஆண்டு ஒரு சிறு அறிவியல் குழுவில் மேகங்களைப் பற்றிப் பேசினார். மாறிக்கொண்டே இருக்கும் மேகங்களையும் சில அடிப்படை உருவங்களுக்குள் அடக்கிவிடலாம் என்பதுதான் அவர் சொன்னது. அவர் வைத்த லத்தீன் பெயர்கள்தான் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. சிர்ரஸ் என்றால் முடிச்சுருள், குமுலஸ் என்றால் குவியல், ஸ்ட்ராட்டஸ் என்றால் விரிப்பு, நிம்பஸ் என்றால் மழை மேகம். நம் பள்ளிப் பாடநூல்கள் இவற்றைக் கீற்று, திரள், படை, கார் என்கின்றன. அழகான சொற்கள். படை என்றதும் சேனையை நினைத்துக்கொள்ள வேண்டாம்; இங்கே அதற்கு அடுக்கு என்று பொருள்.

ஆகவே முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு கேள்வி: இது இழையா, குவியலா, விரிப்பா? சீப்பால் வாரிய நரைமுடி போல உயரத்தில் இழுபட்டிருந்தால் கீற்று. இலவம்பஞ்சு மூட்டையைக் கொட்டியது போல, அடி தட்டையாகவும் தலை புடைத்தும் இருந்தால் திரள். விளிம்பே தெரியாமல் ஒரே சீராகப் பரவியிருந்தால் படை. உலக வானிலை அமைப்பு மேகங்களைப் பத்துப் பேரினமாகப் பிரித்திருக்கிறது. அந்தப் பத்தும் இந்தச் சொற்களையும், நடு உயரத்தைக் குறிக்கும் ‘இடைப்பட்ட’ என்ற அடைமொழியையும் மாற்றி மாற்றிச் சேர்த்துக் கட்டியவைதான்.

மூன்றாம் படி: விரலால் அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. வானத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் வரிசை கட்டி நிற்கும் நாட்கள் உண்டு. பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றனவா, மூன்று கிலோமீட்டரிலா, ஒன்றரையிலா? வெறும் கண்ணால் உயரத்தைச் சொல்ல முடியாது. ஆனால் உருண்டை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம்.

கையை முழுதாக நீட்டுங்கள். அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்துக்கு மேலே இருக்கும் உருண்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருப்பவை தூரத்தால் சிறுத்துத் தெரியும். இப்போது சுண்டு விரலை ஓர் உருண்டையின் மேல் வையுங்கள். சுண்டு விரலுக்குள் மறைந்துவிட்டால் அது கீற்றுத்திரள். சுண்டு விரலைவிடப் பெரிது, ஆனால் சேர்த்து வைத்த மூன்று விரலுக்குள் அடங்கும் என்றால் இடைப்பட்ட திரள். மூன்று விரலையும் தாண்டி வழிந்தால் படைத்திரள்.

சமையலறைக் கணக்கில் சொன்னால் வேட்டியில் காயும் ஜவ்வரிசி வடாம் கீற்றுத்திரள், துணியில் கவிழ்த்த இட்லி இடைப்பட்ட திரள், தோசைக்கல் அளவுக்குப் போனால் படைத்திரள். நிழலையும் பாருங்கள். இடைப்பட்ட திரளின் உருண்டைகளில் ஒரு பக்கம் சாம்பல் நிறம் விழுந்திருக்கும். கீற்றுத்திரளில் நிழலே இருக்காது, தூய வெள்ளை. புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் கீற்றுத்திரள் என்று எழுதி வைப்பவற்றில் பெரும்பாலானவை இடைப்பட்ட திரளாகத்தான் இருக்கும். உண்மையான கீற்றுத்திரள் அபூர்வம், வந்தாலும் சில நிமிடங்களில் கரைந்துவிடும்.

விரிப்பு மேகங்களுக்கு விரல் உதவாது. அதற்கு உங்கள் நிழலே கருவி. வானம் பால் பூசியது போல வெளுத்திருந்தும் தரையில் உங்கள் நிழல் விழுகிறது என்றால் அது உயரத்து விரிப்பான கீற்றுப்படை. சூரியன் குளியலறைச் சன்னலின் சொரசொரப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல மங்கித் தெரிந்து, நிழல் விழவில்லை என்றால் இடைப்பட்ட படை. சூரியன் எங்கே என்றே தெரியாமல் விடாது தூறிக்கொண்டிருந்தால் கார்படை. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நெருங்கும் நாட்களில் இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்க்க வாய்ப்பு உண்டு.

நம்மைப் போன்ற வெப்பமண்டலத்தில் கீழ் மேகங்கள் 2 கிலோமீட்டர் வரை, இடை மேகங்கள் 2 முதல் 8 வரை, மேல் மேகங்கள் 6 முதல் 18 வரை என்பது பொதுக் கணக்கு. திரள் மேகத்தின் அடி உயரத்தை நீங்களே கணக்கிடவும் ஓர் எளிய வழி உண்டு. கைபேசியின் வானிலைச் செயலியில் வெப்பநிலையும், காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையும் (Dew point) போட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் கிடைக்கும். 34 டிகிரி வெயில், பனிநிலை 26 என்றால் எட்டு டிகிரி வித்தியாசம். மேகத்தின் அடி சுமார் 1,000 மீட்டரில் இருக்கும்.

நான்காம் படி: எந்தத் திசையில் போகிறது?

சுவரில் சாய்ந்து, தலையை அசைக்காமல், தென்னை மட்டையின் நுனியோடு ஒரு மேகத்தை ஒட்டவைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நகர்வு தெரிந்துவிடும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சென்னையில் இதைச் செய்து பார்த்தே ஆக வேண்டும். தாழ்வான திரள் மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருக்கும். அவற்றின் இடைவெளியில் மேலே தெரியும் கீற்று மேகங்களோ கிழக்கிலிருந்து மேற்கே போகும். ஒரே வானத்தில் இரண்டு போக்குவரத்து! கீழே இருப்பது தென்மேற்குப் பருவக்காற்று. மேலே, ஏறத்தாழ 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து வேகமாக வீசும் காற்று ஒன்று அந்தப் பருவம் முழுக்கத் தென்னிந்தியாவின் மேல் ஓடுகிறது. அதைக் கீழைத் தாரைக் காற்று என்பார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் மாடியில் நின்றபடி அதைக் கண்ணால் பார்த்த நாளில்தான் மேகம் பார்ப்பது எனக்கு விடாத பழக்கமாயிற்று.

தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு வேறொரு காட்சி வாய்த்திருக்கிறது. மலை முகட்டில் மேகம் அசையாமல் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். உற்றுப் பாருங்கள்: மேற்கிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று முகட்டில் மேகமாகிறது, கிழக்குச் சரிவில் இறங்கும்போது கரைகிறது. மேகம் நிற்பது போலத் தெரிந்தாலும் அதற்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஐந்தாம் படி: கோபுரம் எழுவதைத் தொடர்வது

வெயில் நாளில் முற்பகலில் சின்னத் திரள்கள் தோன்றும். உயரத்தைவிட அகலம் அதிகமாக இருக்கும்வரை அவற்றால் மழை இல்லை. பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழையும்போது கடற்கரைப் பக்க வானம் தெளிந்து, நிலத்தின் உட்பக்கம் திரள்கள் வரிசையாக எழும்புவதைக் காணலாம். அகலத்தைவிட உயரம் கூடிவிட்டால் பார்வையை அதிலேயே வையுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது தலையின் விளிம்பு. காலிஃபிளவர் போல விளிம்பு கூர்மையாக இருக்கிறதா? அங்கே இருப்பது இன்னும் நீர்த்துளிதான். அந்த விளிம்பு மங்கி, நார்நாராகப் பிரியத் தொடங்கினால் உச்சி பனித்துகளாகிவிட்டது; இனி அது கார்திரள். இடியும் மின்னலும் அதிலிருந்துதான் வரும். பிறகு உச்சி மேலே போக வழியில்லாமல் கொல்லன் பட்டறையின் பட்டடைக்கல் போலத் தட்டையாகப் பரவும். 15 கிலோமீட்டருக்கு மேல் வளர்வதும் உண்டு; எவரெஸ்ட் சிகரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

ஆகஸ்டில் இந்தக் கோபுரங்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் எழுந்து மாலையிலோ இரவிலோ சென்னையை நோக்கி வரும். ஆனால் தட்டையான உச்சி பெரும்பாலும் மேற்குப் பக்கமாகவே நீண்டிருக்கும். காரணம், நான்காம் படியில் பார்த்த அதே கீழைக் காற்று. உச்சி சாய்ந்த பக்கம்தான் மழை போகும் என்று நினைத்துத் துணியை எடுக்காமல் விட்டால் நனைந்துவிடும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டுவிட்டால் மாடியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும். எவ்வளவு அருமையான மேகமாக இருந்தாலும் சன்னல் வழியாகப் பார்த்தால் போதும்.

ஆறாம் படி: நிலா கோட்டை கட்டும் இரவு

‘எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை’ என்று ஊரில் சொல்வார்கள். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நிலாவைச் சுற்றித் தெரியும் இரண்டு வேறு வட்டங்களைச் சரியாகப் பிரித்துப் பார்த்தவர்கள்தான் இப்படிச் சொல்லியிருக்க முடியும்.

நீட்டிய கையின் கட்டைவிரலை நிலாவின் மேல் வைத்து விரல்களை விரியுங்கள். சுண்டு விரல் நுனி அளவுக்குத் தள்ளி வட்டம் தெரிந்தால் அது எட்ட வட்டம். ஆரம் 22 டிகிரி. கீற்றுப்படை மேகத்தின் பனித்துகள்கள் நிலவொளியை வளைப்பதால் வருவது. நிலாவை ஒட்டியே, சற்றுச் சிவந்த ஓரத்தோடு சின்னத் தட்டுப் போலத் தெரிந்தால் கிட்ட வட்டம். அது மெல்லிய இடைப்பட்ட மேகங்களின் நீர்த்துளிகளால் வருவது. மழைக்கு முன்னோடியாக உயரத்து விரிப்பு பரவுவது உண்டு என்பதால் எட்ட வட்டத்துக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம். அடுத்த சில மணி நேரத்தில் விரிப்பு தடித்துக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். தடிக்காவிட்டால் மழை வராமலும் போகலாம்.

ஏழாம் படி: எழுதி வைப்பது, சரிபார்ப்பது

ஒரு நாளுக்கு மூன்று வரி போதும். என் நோட்டில் இப்படித்தான் இருக்கும்: ‘மாலை 4.40. மூடியது 5. கீழே திரள், மேற்கிலிருந்து. மேலே கீற்று, கிழக்கிலிருந்து. தென்மேற்கில் ஒரு கோபுரம், விளிம்பு இன்னும் கூர்மை.’ பெயர் தெரியாவிட்டால் உருவத்தை எழுதுங்கள். படம் எடுத்தால் கட்டட ஓரமோ மரமோ சட்டகத்துக்குள் இருக்கட்டும். அது இல்லாமல் பிறகு பார்க்கும்போது அளவே புரியாது.

எழுதி முடித்த பிறகு செயற்கைக்கோள் படத்தைத் திறங்கள், முன்னால் வேண்டாம். இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் இன்சாட் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். அகச்சிவப்புப் படத்தில் எது அதிக வெள்ளையோ அது அதிகக் குளிர்ச்சி, அதாவது அதிக உயரம். நீங்கள் கீற்று என்று எழுதியது படத்தில் மங்கலான சாம்பலாகத் தெரிந்தால், கனம் குறைந்த கீற்றும் அப்படித் தெரியலாம், தாழ்ந்த மேகமும் தெரியலாம். அப்போது மறுபடி விரலுக்கும் நிழலுக்கும் திரும்புங்கள்.

அந்தி நேரத்தில் வானமே சரிபார்த்துத் தரும். சூரியன் மறைந்ததும் மாடியிலேயே கால் மணி நேரம் இருங்கள். தாழ்ந்த மேகங்கள் முதலில் சாம்பலாகிவிடும். அப்போதும் இடை மேகங்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அவையும் அணைந்த பிறகு, கீற்று மேகங்கள் மட்டும் சிவந்து நிற்கும். அந்த உயரத்துக்கு வெயில் இன்னும் எட்டுகிறது. நாலரை மணிக்கு நோட்டில் நீங்கள் எழுதிய உயரங்களை, எது எப்போது அணைகிறது என்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொள்ளலாம். விடியற்காலையில் இதே வரிசை தலைகீழாக நடக்கும்: கீற்றில் முதலில் விளக்கு ஏறும்.